வெளுக்காத கறுப்பு

"சார், இது வெளுக்கல! நேத்து மத்தியானம் பூசினது, இன்னும் கறுகறுன்னு இருக்கு."

ஹேமலதா நீட்டிய கண்ணாடித் தகட்டைப் பேராசிரியர் குருநாதன் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"தினம் அரியலூர் சுண்ணாம்புக்கல்லாட்டம்ல வெளுத்துப்போய்க் கொண்டாந்து காட்டுவ? இன்னிக்கு என்னம்மா ஆச்சு?"

சூரிய மின்தகட்டுக்கான பெரோவ்ஸ்கைட் பூச்சு அது. கறுப்பாக இருந்தால்தான் ஒளியை நன்றாக உறிஞ்சும். காரீயம் சேர்த்தால் சுலபம்; பெரும்பாலும் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஹேமலதா பிடிவாதமாக வெள்ளீயம் சேர்த்தாள். காலையில் கறுப்பாக இருக்கும் பூச்சு, காற்றுப் பட்டுச் சாயங்காலத்துக்குள் சாயம் போன சேலையாகிவிடும்.

"காரீயத்தையே போட்டா என்னன்னு போன தடவை கமிட்டில கேட்டாங்களே..."

"அது வயித்துல இருக்கிற பிள்ளையக்கூட விடாதுன்னு சொன்னேன். சிரிச்சாங்க சார்."

குருநாதன் சிரிக்கவில்லை. மூன்று முறை கரு தங்காமல் போனவள் அவள். எந்த டாக்டருக்கும் காரணம் பிடிபடவில்லை. சொந்தத்தில் யாரும் இப்போது வளைகாப்புக்குக் கூப்பிடுவதுகூட இல்லை. அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அந்தக் கமிட்டி இன்று மாலை கூடுகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் அதையும் மூடிவிடுவார்கள்.

"வெள்ளீயம் தீர்ந்துபோச்சுன்னியே, இது ஏது?"

"வூட்ல ஒரு கட்டி கெடந்துச்சு சார். லேபுக்கு ஆவுமான்னு பாருன்னு அவருதான் பையில போட்டு விட்டாரு."

ஒளி உறிஞ்சும் அளவைப் பார்த்தார்கள். திரையில் கோடு இதுவரை தொடாத உயரத்துக்கு ஏறியது. அவள் கண் கலங்கிய நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. அரியலூரிலிருந்து கணவன் பரணிதரன்.

"ஹேமா, கறுப்பாவே இருக்கா?"

"இருக்குங்க! வெளிச்சத்த அப்படியே குடிக்குது!"

"பாத்தியா, நான் குடுத்தது வீண் போகுமா? எனக்கு இன்னிக்கு ஷிப்ட் இல்ல. நீ வர்றதுக்குள்ள ரசம் வெச்சுடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவன் ரசம் வைக்கிறானென்று தெருவே கேலி செய்யும். ஆனால் மூன்று மசக்கையிலும் அவளுக்கு உள்ளே இறங்கியது அவன் கையால் வைத்த ரசம் சாதம் மட்டும்தான்.

"கமிட்டிக்கு முன்னாடி அந்தக் கட்டிய ஒரு தடவை சோதிச்சுடுவோம்மா. கேட்டா சொல்லணும்ல" என்று குருநாதன் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"காரீயம் கலந்திருக்கும்மா. கொஞ்சநஞ்சமில்ல, கால்வாசிக்கு மேல. அதனாலதான் வெளுக்கல. வெள்ளீயம்னு சொல்லி வித்திருக்கான், பாவி."

ஹேமலதா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"மனச விட்டுடாத. கமிட்டிகிட்ட நான் பேசறேன். இந்த ஆராய்ச்சி இல்லாட்டி இன்னொண்ணு."

அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை. மறுபடியும் கைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

பரணிதரன்தான் சந்தோஷமாகப் பேசினான்: "ஹேமா, முந்தாநாள் நீ தண்ணி ஊத்தாம அடுப்புல வெச்சு, உருகிக் கட்டியாப் போச்சேன்னு அழுதியே ஈயச்சொம்பு... நம்ம கல்யாணச் சீருக்கு வாங்கின அதே கடையில, அதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். அதுலதான் ரசம் நுரை கட்டுது, சீக்கிரம் வா!"