கம்பத்தடி மைனர்

“நடுக்கம்பத்துல சாஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாரு, மைனராட்டம்!”

சவரிமுத்து பல்லைக் கடித்தார். அவர் மனைவி ராஜமேரி நிமிராமல் வெங்காயம் உரித்தாள். கம்பத்தில் சாய்ந்திருந்தது அவளுடைய தம்பி அல்போன்ஸ்.

“மெதுவாப் பேசுங்க. சம்பந்தி காதுல வுழப்போவுது.”

பென்னாகரம் பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தால் ஊருக்குத் திரும்ப ரெண்டு மூணு நாளாகும். கோயில் மைதானத்திலேயே ஆக்கி, தின்று, தூங்க வேண்டியதுதான். சவரிமுத்துவின் ஊர்க்காரர்கள் ஏழெட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கூடாரம். லாரித் தார்ப்பாய் நாலைந்தை ஒன்றாகத் தைத்து, சுற்றிலும் மூங்கில் நட்டு, நடுவில் ஒரு சவுக்குக் கம்பம் கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் கல்யாண மண்டபம் தோற்றுவிடும்.

நடுக்கம்பம் நடுவது மட்டும் எந்த வருஷமும் சவரிமுத்துதான். இந்த வருஷம் அவருக்குக் கூடுதல் மிடுக்கு. தை மாசம் மகளைக் கட்டிக்கொடுத்த ஓசூர் சம்பந்தி, குடும்பத்தோடு முதல் தடவையாக வந்திருந்தார்.

“அடேங்கப்பா, ஒத்தை ஆளா நின்னு கம்பத்தை நிறுத்திட்டீங்களே!” என்று காலையில் சம்பந்தி வாயைப் பிளந்ததில் சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த அல்போன்ஸ்தான் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. ரெண்டு வருஷமாக வரப்புத் தகராறு. பேச்சுவார்த்தை கிடையாது. ராஜமேரி கண்ணைக் கசக்கினாளே என்றுதான் அவனையும் கூடாரத்தில் சேர்த்திருந்தார்.

மத்தியானம் மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பியது. தார்ப்பாய் படபடவென்று அடித்து, ஓரத்துக் கயிறுகள் தளர்ந்துவிட்டன. ஆம்பளைகள் எல்லோரும் இழுத்துக் கட்ட வெளியே ஓடினார்கள். அல்போன்ஸ் மட்டும் கூடாரத்துக்குள் போய்க் கம்பத்தில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

“அல்போன்சு, ஒரு கொடம் தண்ணி தூக்கியாந்து குடுப்பா” என்று கேட்டாள், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ரோசம்மாள்.

“இடுப்பு புடிச்சுக்கிச்சு அக்கா. வேற யாரையாச்சும் அனுப்புங்க.”

ரோசம்மாள் முணுமுணுத்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு தானே போனாள். சவரிமுத்து அதையும் பார்த்தார்.

சோறு வெந்தது. சம்பந்தி வூட்டார் கூடாரத்துக்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு அண்டாவிடம் போனார்கள். அல்போன்ஸ் அசையவில்லை.

“அக்கா, என் தட்டை இங்கயே குடுத்துடு.”

சவரிமுத்துவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“ஏன், ஊட்டியும் வுடச் சொல்லேன்! நாலு பேரு கை ஒடிய வேலை செய்யறாங்க, தொரைக்கு உக்காந்த எடத்துல உபசாரம் கேக்குது. நீயெல்லாம் எதுக்குடா இந்தக் கூடாரத்துல?”

சம்பந்தி குனிந்து சோற்றைப் பிசைந்தார். ராஜமேரி கண்ணைத் துடைத்தபடி தம்பியிடம் தட்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். மறுபேச்சுப் பேசவில்லை. எழுந்தும் போகவில்லை.

‘ரோசம் இருந்தாத்தானே எந்திரிப்பான்’ என்று சவரிமுத்து நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மணி அடித்தது. தேர் கிளம்பும் நேரம். எல்லோரும் உடுத்திக்கொண்டு புறப்பட்டார்கள்.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் சாமானப் பாத்துக்கறேன்” என்றான் அல்போன்ஸ், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பாதி வழியில் சம்பந்தியம்மா நின்றாள். “மெழுகுத்திரிக் கட்டை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேனுங்களே.”

“நீங்க நடங்க, நான் கொண்டாறேன்” என்று திரும்பினார் சவரிமுத்து.

திரும்பி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடாரம் பாதி சரிந்து கிடந்தது. ஒரு பக்கத் தார்ப்பாயை அவிழ்த்துத் தரையில் விட்டிருந்தான் அல்போன்ஸ். நடுக்கம்பம் படுத்துக் கிடந்தது.

“அடப்பாவி! வரப்புக்கு வஞ்சம் தீக்க இந்த எடம்தான் கெடைச்சுதா? ஆளில்லாத நேரம் பாத்துக் கூடாரத்தைப் பிரிக்கறியே, நீ உருப்படுவியா?”

பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

“அய்யோ, முதுகத் தொடாதீங்க மாமா!”

அவர் கை தானாக விலகியது. சட்டை முதுகில் நாராகக் கிழிந்திருந்தது. உள்ளே தோல் உரிந்து சிவப்பாகக் கன்றிப்போயிருந்தது.

“நீங்க நட்ட எடத்துல ஒரு சாண் மண்ணுக்குக் கீழ பாறைங்க. மத்தியானக் காத்துல கம்பம் பேந்துக்கிச்சு. முட்டுக் குடுக்காம வுட்டா சனத்து மேல சாஞ்சிருக்கும்.” அல்போன்ஸ் மூச்சு வாங்கினான். “இப்ப ரெண்டடி தள்ளித் தோண்டிட்டேன். மண்ணு நல்லா எறங்குது. ஒரு கை புடிங்க மாமா, தேரு சுத்தி வர்றதுக்குள்ள நிறுத்திப்புடலாம்.”

சவரிமுத்து தான் காலையில் நட்ட பழைய குழியை எட்டிப் பார்த்தார்.

“ஏன்டா... அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அத்தனை பேரு முன்னால நான் உன்னை அப்படிப் பேசினனே, அப்பவாச்சும்...”

அல்போன்ஸ் குனிந்து கம்பத்தின் ஒரு முனையைத் தூக்கினான்.

“உங்க ஏச்சு எனக்குப் புதுசுங்களா மாமா? நீங்க சம்பந்தி முன்னால தலை குனிஞ்சா, அங்க வாழற நம்ம புள்ளைக்கில்ல கொறைச்சலு.”