பத்தாவது கோப்பை

தோட்டக் கழகத் தலைவியின் வலது கட்டைவிரலில் வெள்ளைத் துணிக்கட்டு. மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து அந்தக் கையைத்தான் எல்லோருக்கும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, முள்ளு குத்திடுச்சா?" என்று பதறினாள் செயலாளர்.

"ரோஜா வளர்க்கிறவளை முள்ளு குத்தாம பஞ்சா குத்தும்? உன் டேலியாவுக்கு அந்தக் கவலை இல்ல. பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி சாதுவா இருக்கு."

செயலாளர் சிரித்து மழுப்பினாள்.

தோட்டக் கழகத்தின் அறுபதாவது மலர்க் கண்காட்சி அது. அவரவர் தோட்டத்தில் பூத்ததை அவரவரே ஜாடியில் அடுக்க வேண்டும் என்பது முதல் ஆண்டிலிருந்து வரும் விதி. அந்த முதல் ஆண்டின் படம் சுவரில் இருந்தது: அடுப்படிப் பாத்திரங்களிலும் மருந்துப் புட்டிகளிலும் பூக்கள், பின்னால் கூச்சத்தோடு நிற்கும் மனிதர்கள். இப்போது பூவைவிட ஜாடி பெரியது. ஜாடியைவிட அதன் சொந்தக்காரி பெரியவள்.

தலைவி தொடர்ந்து ஒன்பது முறை கோப்பை வாங்கியிருந்தாள். பத்தாவதும் கிடைத்தால் அவள் படம் அந்தச் சுவரில் ஏறும். ஆணிகூட அடித்தாயிற்று.

தன் மேசைக்குப் போனவள் திடுக்கிட்டாள். மண்டபம் பெருக்கும் பெண் கையில் செம்போடு அங்கே நின்றிருந்தாள்.

"ஏய்! என் ஜாடியில என்ன பண்ற?"

"வெயில் ஏறுதும்மா. வாயில்லாத ஜீவன், தாகம்னு கேக்கவா போகுது? அதான் எல்லா ஜாடியிலயும் விளிம்பு வரைக்கும் ஊத்திட்டு வரேன்."

"உன்னை யாரு கேட்டா? தொடப்பம் பிடிக்கிற கைக்கு ரோஜா கேக்குதா? இனிமே என் மேசைக் கயித்தைத் தாண்டி வந்தே, நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும், "விரலை நனைக்காதீங்கம்மா, சீழ் பிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மேசைகளைச் சுற்றியிருந்த கயிறு தலைவியின் ஏற்பாடு. நடுவரே ஆனாலும் மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். கை பட்டால் இதழ் நோகும் என்று ஒன்பது வருடத்துக்கு முன்பு கண் கலங்கப் பேசி, அதை விதியாக்கியிருந்தாள். இதழுக்கு நோகும் என்று அழத் தெரிந்தவளுக்கு மனிதருக்கு நோகும் என்பது மட்டும் ஏனோ தெரியவில்லை.

மதியத்துக்குள் மண்டபம் வெந்தது. செயலாளரின் டேலியா தலையைத் தொங்கப் போட்டது. பெருக்கும் பெண் ஓடி ஓடி மற்ற ஜாடிகளை நிரப்பினாள். தலைவியின் ஜாடியை மட்டும் கயிற்றுக்கு வெளியே நின்று கவலையோடு எட்டி எட்டிப் பார்த்தாள்.

ரோஜாக்கள் என்னவோ விறைப்பாகத்தான் நின்றன, எஜமானியைப் போலவே.

நடுவராக வந்திருந்தவர் ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நாப்பது வருஷம் பாடம் எடுத்தவன் நான். இந்த வெயில்லயும் இப்படி வாடாத ரோஜாவைப் பார்த்ததே இல்லம்மா! என்ன ரகசியம்?"

"ரகசியம் என்ன சார், பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன்." துணிக்கட்டு விரல் மறக்காமல் உயர்ந்தது. "சில பேருக்குக் கைராசி, சில பேருக்குத் தொடப்பம். அவ்வளவுதான்!"

சபை சிரித்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. பத்தாவது கோப்பை அவள் கைக்கு வந்தது.

"மேடம், ரோஜா பக்கத்துல நில்லுங்க, சுவருக்கு ஒரு படம் எடுத்துடலாம்" என்றார் புகைப்படக்காரர்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் ஓடி வந்தாள். ஏச்சு வாங்கிய கோபம் அவள் முகத்தில் துளியும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு வைத்தியரைத் தேடி வந்தவள் போலப் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நீங்க செடிக்குப் படிச்சவராச்சே, கொஞ்சம் என்னன்னு பாருங்க... மத்த பூவெல்லாம் மூணு தடவை தண்ணி குடிச்சிடுச்சு, அம்மாவோட பூ மட்டும் காலையில ஊத்தினதுல ஒரு சொட்டுகூடக் குடிக்கல!"