கலப்பட டீசல்

“திருட்டுப் பய! நல்ல டீசலை உருவிக்கிட்டு மண்ணெண்ணெயை ஊத்தி வச்சிருக்கான்!”

எசென்பெக் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினான். கணவாய் ஏற்றம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. அதற்குள் வேனுக்கு மூச்சு முட்டியது. எவ்வளவு மிதித்தாலும் முள் இருபதைத் தாண்டவில்லை. பின்னால் பார்த்தால் ரோடே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை.

பின் சீட்டில் படுத்திருந்த அவன் மனைவி பெர்மெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் நேற்றே வலி எட்டிப் பார்த்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே நாரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று ஊர் நர்ஸ் விரட்டியிருந்தாள். நாரின் இருப்பதோ கணவாய்க்கு அந்தப் பக்கம்.

“யாரைத் திட்டுறீங்க?”

“வேற யாரை? அந்தக் கல்முராத்தைத்தான்!”

நேற்று மாலை பனி விழுந்து பாதை மூடியதும், ரோட்டோரம் ஆடு மேய்க்கும் கல்முராத்தின் வீட்டில்தான் தங்கினார்கள். முன்பின் தெரியாத மனுஷன். அடுப்போரத்துப் படுக்கையைப் பெர்மெத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர் கதவோரம் சுருண்டுகொண்டார்.

“அவர் ரொட்டியைத் தின்னுட்டு வந்திருக்கோம். வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க.”

“ராத்திரி ரெண்டு தடவை எழுந்து வண்டிகிட்ட போனாரு. என் கண்ணால பார்த்தேன். காலையில ஆளையே காணோம். விருந்தாளியை வாசல்ல நின்னு வழியனுப்பாத வீடு நம்ம பக்கம் உண்டா?”

“ஆத்துக்குத் தண்ணி எடுக்கப் போயிருப்பாரு. நாமதான் காத்திருக்காமக் கிளம்பிட்டோம்.”

எசென்பெக் காதில் அது ஏறவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ராத்திரி கல்முராத்திடம் வாங்கி வைத்திருந்த நம்பருக்குப் போனைப் போட்டான்.

“டீசலைத் திருடுறதுக்குத்தான் தங்கச் சொன்னியா? என் பொண்டாட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்!”

“தம்பி, பொண்ணு எப்படி...”

அவ்வளவுதான், எசென்பெக் போனைத் துண்டித்துவிட்டான்.

வண்டியை உருட்டி உருட்டி, பனி அள்ளும் சாலைப் பணியாளர்களின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே மெக்கானிக் சுயுன்பாய் மட்டும்தான் வண்டி பார்ப்பார். மேலே பனி அள்ளப் போயிருந்தவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் எசென்பெக் கல்முராத்தின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டிருந்தான்.

“டீசல்ல கலப்படம்ணே,” என்றான் சுயுன்பாயைப் பார்த்ததும்.

“வைத்தியம் நீயே பார்த்துட்டியா? புகை என்ன நிறம்?”

“கரி மாதிரி கறுப்பு.”

“அப்ப டீசலைத் திட்டாத. டீசல் போகுது, காத்துதான் பத்தல. தட்டு நிறையச் சோத்தை வச்சுட்டு மூக்கைப் பொத்தினா எப்படித் தின்ன முடியும்? சமதளத்துல எப்படி ஓடுச்சு?”

“ஒரு குறையும் இல்ல. மைனஸ் முப்பது டிகிரி உறைபனியிலயும் காலையில ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆச்சு.”

“இந்தக் கிழட்டு வண்டியா? ஒரே தட்டுலயா?”

சுயுன்பாய் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பானெட்டைத் தூக்கினார். இன்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளும் டர்போவின் குழாயை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்தார். கிழிசல் இல்லை. காற்று உள்ளே போகும் வாயில் கையை விட்டவர், எதையோ பிடித்து இழுத்தார். லேசில் வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்ததும் வந்தது.

ஆட்டுத்தோல் கோட். ஒரு கை முழுக்கக் கரியேறி, நைந்துபோயிருந்தது.

“ஏத்தத்துல டர்போ நிறையக் காத்துக் கேட்கும். இந்தக் கையை உறிஞ்சி வாயை அடைச்சுக்கிச்சு. ஏன்யா, குளிருக்கு இன்ஜினைப் போர்த்தினா, கிளம்பும்போது எடுக்க வேணாமா?”

“நான் போர்த்தலண்ணே. எங்க கம்பளத்தை அவசரத்துல வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்.”

“அப்ப இது யாரு கோட்டு?”

எசென்பெக்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கல்முராத் வீட்டு ஆணியில் தொங்கிய ஒரே கோட் அதுதான். காலையில் இன்ஜின் உறைந்து போயிருந்தால், பெர்மெத்தும் பிள்ளையும் அந்தப் பனிக்காட்டிலேயே கிடந்திருப்பார்கள்.

“அந்த மனுஷன் நல்லா இருக்கணும்,” என்ற பெர்மெத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. “முதல்ல போனைப் போட்டு மன்னிப்புக் கேளுங்க.”

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வண்டியைக் கிளப்பிப் பார்த்தார் சுயுன்பாய். பழைய உறுமல் திரும்பியிருந்தது, புகையும் இல்லை. “சீக்கிரம் கிளம்பு!” என்று அவர் இறங்கும்போதுதான் கீழே ரோட்டில் ஒரு குதிரை வருவது தெரிந்தது.

கல்முராத். மீசையெல்லாம் பனி. மெத்தை விரிப்பை உடம்பில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். மடியில் ஒரு கேன்.

“டீசல் கெட்டுப்போச்சுன்னு சொன்னியே, தம்பி,” என்றார் மூச்சிரைக்க. “இது பக்கத்து வீட்டு டிராக்டர்ல வாங்கினது, சுத்தமான டீசல். இதை ஊத்திக்கிட்டு முதல்ல பிள்ளையைக் காப்பாத்து. என்மேல உள்ள கோபத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“டீசலுக்கு ஒண்ணும்...” என்று ஆரம்பித்த சுயுன்பாயை, ஜன்னல் வழியே கையைப் பிடித்து நிறுத்தினாள் பெர்மெத்.

எசென்பெக் கோட்டை எடுத்து கல்முராத்தின் தோளில் போர்த்தினான். “தப்பு என்னோடதுண்ணே. மன்னிச்சிடுங்க,” என்றான்.

கேனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். டேங்க்கில் முக்கால்வாசி நல்ல டீசல் இருந்தது. அதன் மேல், ஒரு சொட்டுச் சிந்தாமல் அதையும் ஊற்றிக்கொண்டான்.