கடைசிக் கூடாரத்து அம்மா

“தண்ணி தர மாட்டேன்,” என்றாள் அந்த அம்மா. கேனின் குழாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

மச்சினன் தன் காதையே நம்பவில்லை. தோளில் சாய்ந்திருந்த அக்கா புருஷன் துணி பிழிந்தாற்போல் துவண்டு கிடந்தார்.

அவர் வேன் ஓட்டுகிறவர்; நாளெல்லாம் தண்ணி குடிக்காமலே ஓட்டுவதால் நண்பர்களுக்கு ‘ஒட்டகம்’. வருஷா வருஷம் மலையில் நடக்கும் இந்த நெடுநடைக்குக் கிளம்பும்போதே, “வேளாவேளைக்குத் தண்ணி குடிக்க வைடா,” என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். வெயிலே இல்லாத மலைப்பாதைதான். ஆனாலும் வழியில் தண்ணீர் தரும் ஒரு கூடாரம் விடாமல், வயிறு களக்களக்கென்று ஆடும்வரை குடிக்க வைத்திருந்தான் மச்சினன்.

“ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டார்மா. நாக்கு வறண்டு போச்சுங்கறார். ஒரே ஒரு டம்ளர்.”

அவள் காதில் வாங்கவில்லை. ஒட்டகத்தின் கையைத் தூக்கிப் பார்த்தாள். மோதிரம் வீங்கிய விரலுக்குள் புதைந்திருந்தது.

“இப்ப எங்கய்யா இருக்கே?”

“வேன்ல,” என்றார் அவர்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் வாக்கிடாக்கியை எடுத்து டாக்டர் வண்டியை மேலே வரச் சொன்னாள். உப்புக் கரிக்கும் சூப்பில் ஸ்பூனைத் தோய்த்து அவர் உதட்டில் தடவினாள்.

அவள் பின்னால், கூடாரக் கம்பத்தில் ஓர் இளைஞனின் படம் தொங்கியது. மூடுபனி அதன் மேல் ஊர்ந்து ஊர்ந்து போனது. போன வருஷ நடையில் இதே இடத்தில் சுருண்டு விழுந்த அவள் மகன். தண்ணீர் கிடைக்காமல் செத்தான் என்றுதான் நடப்பவர்களிடையே பேச்சு. வருகிற ஒவ்வொரு முகத்திலும் அவனைத் தேடுவாளாம். அதனாலேயே பலர் இங்கே நிற்காமல் ஓட்டமாய்ப் போய்விடுவார்கள்.

“தண்ணி... தண்ணி...” ஒட்டகம் முனகினார்.

மச்சினன் கேன் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்துக் குழாயருகே நீட்டினான். அவள் மறுபடியும் குழாயைக் கையால் மூடினாள். இழுத்துப் பார்த்தான், அந்த மெலிந்த விரல்கள் இரும்பாய் இறுகியிருந்தன.

கீழே பனிக்குள் டாக்டர் வண்டியின் ஹார்ன் கேட்டது.

மச்சினனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா? பெத்த பிள்ளையைத் தாகத்துக்குப் பறிகொடுத்துட்டு, இவர் தவிக்கறதை எப்படிம்மா பார்த்துட்டு நிக்கறீங்க?”

அவள் அவன் கையிலிருந்த டம்ளரை மெல்ல வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“தாகத்துல போகலப்பா. உடம்புல உப்பெல்லாம் கரைஞ்சு போற அளவுக்குத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சேதான் செத்தான்.”