ஒரு போல்ட் மிச்சம்

கார் போய்ப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் றொஷான் அந்தப் போல்ட்டைக் கண்டான். கார் நின்ற இடத்தில், ஒயில் கறைக்குப் பக்கத்தில் கிடந்தது. சுண்டுவிரல் தடிப்பு. புரியில் கிறீஸ் இன்னும் காயவில்லை.

எடுத்துப் பார்த்தவன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

“மெலனி! ஷிஃபானா ரீச்சருக்கு உடன போன் எடும்!”

மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். “என்னப்பா, எதையும் விட்டிட்டுப் போயிட்டாவோ?”

“நான்தான் விட்டிட்டன். ஒரு போல்ட் பூட்டாம விட்டிட்டன்.”

மூதூரில் படிப்பிக்கும் ஷிஃபானா ரீச்சர், காலையில்தான் அந்த வெள்ளைக் காரை அன்புவழிபுரத்தில் இருக்கும் அவனுடைய கராஜுக்குக் கொண்டுவந்திருந்தார். ஏற்றத்தில் காலை அழுத்தினால் என்ஜினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கிறது என்றார். வேறு பெற்றோல் அடித்துப் பார்த்தும் நிற்கவில்லையாம்.

றொஷான் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். நுனியெல்லாம் வெள்ளையாக வெந்திருந்தது. என்ஜினைச் சூடாற விட்டு, பிறகு டைமிங் பெல்ட்டின் உறையைத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. போன மாதம் எங்கேயோ பெல்ட் மாற்றியவர்கள் அதை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். பெற்றோல் எரியவேண்டிய நேரத்துக்கு முந்தியே எரிந்துகொண்டிருந்தது. அதுதான் அந்தத் தட்டல்.

பெல்ட்டைச் சரியான பல்லில் போட்டு இறுக்கி, ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினான். ஒரு சத்தமும் இல்லை. “இனி நீங்கள் பயமில்லாமப் போகலாம் ரீச்சர்” என்று சொல்லி அனுப்பியதும் அவன்தான். பின்சீற்றில் இருந்து அவருடைய இரண்டு பிள்ளைகளும் கை காட்டிக்கொண்டு போனார்கள்.

“எடுக்கிறாவில்லையப்பா,” என்றாள் மெலனி. “கார் ஓடேக்க அவ போன் எடுக்கமாட்டா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டும் இதே அளவுதான். அது இல்லாவிட்டால் பெல்ட் எந்த நிமிடமும் நழுவும். ஓடுகிற என்ஜின் அப்படியே நின்றுவிடும், பிரேக் மிதி கல்லாய் இறுகி மிதிபடாது. ரீச்சர் போகிற வழியில் கிண்ணியாப் பாலம்.

போல்ட்டையும் அதை முடுக்கும் இரண்டு சாவிகளையும் பொக்கற்றில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஏறினான். மெலனி ஹெல்மெட்டோடு பின்னால் ஓடிவந்து அவன் தலையில் கவிழ்த்துவிட்டாள்.

“நீர் எடுத்துக்கொண்டே இரும். விடாதையும்!”

சீனன்குடா தாண்டும்போது வேகம் எண்பதுக்கு மேல் போய்விட்டது. இவ்வளவு வேகத்தில் அவன் ஒருநாளும் ஓடியதில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தான். முன்னால் ஏதும் நடந்திருந்தால் அந்த முகங்களில் தெரியும் என்று நினைத்தான்.

வெள்ளைமணலுக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தான். ஹாண்டில் உதறியது, முன்னால் ‘டொக்’ என்றது. மத்தியானம் கார் சூடாறிய நேரத்தில், பக்கத்தில் நின்ற இந்த மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட புதுப் பிரேக் கட்டை, இன்னும் படியவில்லையாக்கும் என்று நினைத்தபடி மறுபடியும் முறுக்கினான்.

“மாதாவே, பாலத்துக்கு முன்னால பிடிச்சுத் தாங்கோ. அந்தப் பிள்ளையள்...”

ஆனால் அந்த வெள்ளைக் கார் பாலத்தில் ஏறிவிட்டிருந்தது. அதன் பின்னால் ஒரு பஸ், முட்டுவதுபோல் ஒட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தது. இந்த இடத்தில் கார் நின்றால் பஸ் நிற்காது. இரண்டு பக்கமும் தண்ணீர்.

றொஷான் பஸ்ஸை முந்த மோட்டார் சைக்கிளை வெளியே வெட்டி எடுத்தான். எதிரே லொறி. லொறிக்காரன் லைற்றை அடித்துக் கத்திக்கொண்டே ஒதுங்க, இடையில் இருந்த நூலளவு இடத்துக்குள்ளால் நுழைந்து காருக்குப் பக்கத்தில் வந்தான்.

“ரீச்சர்! மெல்லமா! மெல்லமா ஓரங்கட்டுங்கோ!”

பாலத்தின் அந்தக் கரையில் கார் நின்றது. ரீச்சர் வெளிறிப்போய் இறங்கினார். “என்ன தம்பி? வீட்டில ஆருக்கும் ஏதாவதா?”

“பிள்ளையளை முதல்ல இறக்குங்கோ. மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்.”

அவசரத்தில் சாவி இரண்டு முறை நழுவியது. உறையைக் கழற்றிப் போன் வெளிச்சத்தில் பார்த்தான். பெல்ட் இறுக்கமாக இருந்தது. அதன் போல்ட் அதற்குரிய இடத்தில் இருந்தது. உறையின் போல்ட்டுகளை எண்ணினான், சரி. மற்ற ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் குறையவில்லை.

அப்படியே தரையில் குந்திவிட்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பொக்கற்றில் இருந்ததை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னான்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் ரீச்சர். “இதுக்காகவா இந்த வேகத்தில வந்தீங்க? வேற ஒரு காரிட பழசாக இருக்கும் தம்பி. இந்தத் தண்ணியக் குடிங்க.”

அவன் போத்தலை ஒரே மூச்சில் காலிசெய்தான். உறையைத் திரும்பப் பூட்டி, ரீச்சரையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு மெலனிக்குப் போன் எடுத்தான். “ஒண்டும் இல்லையப்பா. எல்லாம் இறுக்கமா இருக்கு. நான் பறந்து வாறன்.”

மோட்டார் சைக்கிளில் ஏறி ஸ்ராண்டைத் தட்டினான். காரைக் கிளப்பிய ரீச்சர், மோட்டார் சைக்கிளின் முன்சில்லைப் பார்த்ததும், சட்டென்று கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

“இறங்குங்க தம்பி! உங்கட பிரேக் ஒத்தைப் போல்ட்டில தொங்குது!”