ஏரிக்குள் ஒரு வீடு

நகரத்தின் வீடுகள், குடிநீர்க் குழாய்கள், ஏரிகள் என்று மூன்று வரைபடங்களையும் கணினியில் ஒன்றாகப் பொருத்தும் புதிய நிரலை அவள்தான் எழுதினாள். பழைய நிரல் நாள் முழுக்க இழுத்தடித்த வேலையை அது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்தது. ஆனால் ஏரிக்கு நட்டநடுவே, குழாய் இணைப்போடு ஒரு வீட்டையும் காட்டியது.

“அவசரத்துல எழுதினா இப்படித்தான்,” என்றார் மேலாளர், எல்லோர் முன்னாலும்.

பழைய நிரலும் அதே வீட்டைத்தான் காட்டியது. அவள் அதைச் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே உட்கார்ந்து அந்த வீட்டைக் குழாய் இணைப்போடு வரைபடத்திலிருந்து அழித்தார். அதோடும் விடவில்லை. மறுநாள், “வாங்க மேடம், உங்க வீட்டக் கொஞ்சம் காட்டுங்க,” என்று அவளை ஏரிக்கரைக்கே அழைத்துப் போனார்.

கண்ணுக்கெட்டிய வரை வெறும் தண்ணீர். மேலாளர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவளுடைய கைபேசி அடித்தது.

“நேத்துலேருந்து எங்க வீட்டுக் குழாய்ல சொட்டுத் தண்ணி வரலம்மா,” என்றார் ஒரு பெரியவர், கோபத்தை அடக்கிக்கொண்டு. “குழந்தைங்க இருக்கற வீடு. கரையில உங்க பக்கத்துல நிக்கிறாரே நீலச் சட்டைக்காரர், அவர்தானே நிறுத்தினது?”

அவர் கேட்டது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது.

“உங்களுக்குத்தான் சார்,” என்று கைபேசியை மேலாளரிடம் நீட்டினாள்.