முதலை இழுத்த படகு

ஆராய்ச்சிக்காரப் பெண் இடுப்பு வரை சேறோடு படகின் வயிற்றிலிருந்து ஏறி வந்தாள்.

கரையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்றில் என் மனைவியின் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில்.

ஐம்பது வருடத்துக்கு முன் இந்த நீராவிப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் என் மச்சான்தான். குடித்துவிட்டு மணல் திட்டில் ஏற்றினார் என்று விசாரணையில் எழுதி வேலையைப் பறித்தார்கள். இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துக் குடிக்கிற மனுஷன். படகையும் அங்கேயே கைகழுவினார்கள். உள்ளே இறங்கி ஒருவரும் பார்க்கவில்லை.

என் பங்குக்கு நான், ஒரு முதலைதான் படகை இழுத்துப்போய்த் திட்டில் ஏற்றியது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்தேன். முதலைக்கு நாற்பதடி நீளம். கேட்பவர் படித்தவரானால் ஐம்பது; இவளுக்கும் ஐம்பதுதான் சொல்லியிருந்தேன்.

“கைவிட்ட படகுதான் எங்களுக்குப் பொக்கிஷம் தாத்தா. காகிதத்துல எழுதாம விட்டத சேறு பத்திரமா வெச்சிருக்கும்” என்று கைப்பேசியை நீட்டினாள்.

பாய்லரின் வால்வு. ஆவி மிஞ்சினால் தானே திறந்துகொள்ள வேண்டியது. திறக்க முடியாதபடி யாரோ கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

“வேகமா போறதுக்காகக் கட்டியிருக்காங்க. குழாய் வெடிச்சு, ஆவி மறைச்சு, வழி தெரியாம ஏறியிருக்கு. இவர் சொல்லாம யாரோ தானாக் கட்டினாங்கன்னு தெரிஞ்சா போதும். இவர் மேல தப்பில்லன்னு எழுதிடுவேன்.”

மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தார்.

“நான்தாம்மா கட்டினேன். கரி அள்ளிப் போட்டவன் நான்தான். இவருக்கு எதுவுமே தெரியாது” என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஐயோ பாவம் தாத்தா, உங்க முதலைக்கு வேலை போச்சே!”

பேனாவை மூடிப் பையில் போட்டாள்.

சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்று இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேனா மறுபடி வெளியே வந்திருக்கும்.

நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டேன்.

அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினாள்.

மச்சான் எழுந்தார். எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். காதருகே குனிந்து, வழக்கமான குரலில் சொன்னார்.

“அன்னிக்கு, கல்யாணமாகி ஒம்பதாவது நாள். என் தங்கச்சிகிட்ட ஓட அவசரம் இருக்காதா மாப்ள?”